கம்ப்யூட்டரில் மை போட்டவர்

நெய்வேலி டவுன்ஷிப்பை பிளாக் பிளாக்காகச் சலித்தாலும் பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒருவர்தான் தேறுவார். அவர் அடுத்தென்ன சார். ஆயுளில் அவர் சொன்ன ஒரே பொய்யைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான்.

எண்பதுகளில் எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. எங்களுக்கெல்லாம் கிறீச்சிடும் மின்விசிறி. அதற்கு மட்டும் ஏ.சி. அறை. கரித்தூசி உள்ளே போகக்கூடாதென்று செருப்பை வாசலில் விட்டுத்தான் நுழையவேண்டும். பெரிய மேனேஜரே வெறுங்காலோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே சம்பளக் கணக்குப் போட்டவர் அடுத்தென்ன சார், தட்டச்சு செய்து கொடுத்தவள் நான். அவர் கல்யாணம் ஆகாதவர், தென்காசிப் பக்கம். லீவில் ஊருக்குப் போனாலும் மறுநாளே வந்து நிற்பார். "அது தனியா இருக்குமேம்மா" என்பார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த மிஷினுக்குள் அவர் ஒரு விளையாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். படம் கிடம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, அதுவும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். விளையாடுகிறவர்தான் இளவரசன். ஏழு மலை தாண்டி மந்திர வாளைக் கண்டுபிடிக்கவேண்டும். 'காட்டில் நிற்கிறாய். வடக்கே குகை. கிழக்கே பாம்பு. அடுத்து என்ன?' என்று கேட்கும். 'ஓடு' என்று தட்டினால் 'எந்தப் பக்கம்?' என்று கேட்கும். அதற்குள் பாம்பு கடித்துவிடும். ஆபீஸே வரிசையில் நின்று செத்தது.

அந்தக் கேள்வி அவர் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேன்டீனில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்றால், "சரி, மேற்கே ரசம் இருக்கு. அடுத்து என்ன?" என்பார். பெற்றோர் வைத்த பெயர் அத்தோடு ஒழிந்தது.

அக்கவுண்ட்ஸ் ராமலிங்கம்தான் முதலில் பொறுமை இழந்தார். "யோவ், ஒரு மணி நேரத்துல மனுஷன் சோறும் திங்கணும், ஏழு மலையும் தாண்டணுமா? வாள் எங்க கெடக்குன்னு காட்டிக் குடுக்கறாப்ல ஏதாச்சும் வைய்யா!"

அடுத்தென்ன சாருக்கு இளகிய மனசு. மறுவாரமே விளையாட்டில் வெற்றிலை மை வந்தது. ஆடு மாடு தொலைந்தால் வெற்றிலையில் மை தடவிப் பார்த்துச் சொல்வார்களே, அதேதான். 'மை' என்று தட்டி, தேடும் பொருளின் பெயரைத் தட்டினால் அது கிடக்கும் இடத்தைச் சொல்லும். விளையாட்டில் இல்லாத பெயரைத் தட்டினால், தனக்குத் தெரிந்த இடங்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துவிடும். அங்கேதான் சனி பிடித்தது.

ராமலிங்கம் வேடிக்கைக்காகத் தொலைந்துபோன தன் குடைக்காக 'குடை' என்று தட்டினார். 'கிழக்கே, தண்ணீர் அருகில்' என்றது. குடை கேன்டீன் குழாயடியில் கிடந்தது.

அவ்வளவுதான். செய்தி கம்பெனி பஸ் ஏறி ஊரெல்லாம் இறங்கியது. ஏ.சி. அறை வாசலில் செருப்பு குவிந்தது. குக்கர் வெயிட்டைத் தொலைத்த மாமி, மோதிரத்தைத் தொலைத்த ஃபோர்மேன், திருவதிகையிலிருந்து மாட்டைத் தேடிக் கையில் வெறும் கயிற்றோடு ஒருவர். ஒரு அம்மாள் கற்பூரமே ஏற்றிவிட்டாள். அடுத்தென்ன சார் பாய்ந்து விழுந்து ஊதி அணைத்தார்.

"ஐயோ, இது மிஷின்மா! இதுக்கு ஒண்ணும் தெரியாது, குத்துமதிப்பா எதையோ சொல்லுது!"

"சக்தி இருக்கறவங்க அப்படித்தாங்க சொல்லுவாங்க" என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போதாக்குறைக்கு அந்த மாடு வேறு கிடைத்துத் தொலைத்தது.

இத்தனையையும் துடைப்பமும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அஞ்சலை. எங்கள் அறையைப் பெருக்கித் துடைக்கும் கான்ட்ராக்ட் ஆள், சுரங்கத்தை ஒட்டிய ஊர்க்காரி. ஒருநாள் மதியம் முகம் கழுவி, பொட்டு வைத்து, கையில் வெற்றிலையோடு வந்து நின்றாள்.

"சார், எம் புள்ள பேரு செல்வம். கோவத்துல நான் அடிச்சிட்டேன், வூட்ட வுட்டுப் போயிடுச்சி. ரெண்டு தீவாளி ஆவுது. எங்க இருக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்."

சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் விலகி அவளுக்கு வழி விட்டோம்.

"அஞ்சலை, சத்தியமா இதுக்குத் தெரியாதும்மா."

"மாட்டுக்குச் சொல்லிச்சே சார்."

வேறு வழியில்லாமல் தட்டினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். 'இருட்டுக் குகை. திரும்ப வழி இல்லை' என்று பச்சையாக வந்தது. அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா சார் சொல்லுது?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். "வந்துக்கிட்டே இருக்கானாம். வீட்டுக்குத்தான் வர்றானாம்" என்றார். அவள் வெற்றிலையைத் திரைமுன் வைத்துவிட்டு, தரையில் விழுந்து கும்பிட்டாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் சுரங்கம் அஞ்சலையின் ஊரை நெருங்கியது. எல்லோருக்கும் வேறு இடத்தில் மனை ஒதுக்கிக் காலிசெய்யச் சொன்னார்கள். ஒருநாள் அவள் மகள் கலா ஆபீஸ் வாசலில் அழுதுகொண்டு நின்றாள். "சார், அம்மா கெளம்ப மாட்டேங்குது. அண்ணன் இந்த வூட்டுக்குத்தான் வரும்னு மிசினு சொல்லிச்சாம். நாளைக்கு இடிக்க வராங்க சார்!"

அடுத்தென்ன சார் எழுந்தவர் எழுந்தபடி நடந்தார். செருப்புப் போட மறந்துவிட்டார். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி பஸ் ஏறினேன்.

ஊரில் ஓடுகளையும் கதவுகளையும் கழற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கூரையோடு நின்றது அஞ்சலையின் வீடு ஒன்றுதான். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை, மிஷின் அப்படிச் சொல்லவே இல்ல. நான் பொய் சொன்னேன்" என்றார்.

அவள் சிரித்தாள். "உங்களுக்குப் பொய்யி வராது சார். என்னைக் கெளப்பறதுக்கு இப்ப சொல்றீங்களே, இதான் பொய்யி. மூஞ்சியே காட்டுதே!"

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் அழுதேன்.

அஞ்சலை முறத்தைக் கீழே வைத்தாள். "அவன் வந்து பாக்கறப்ப வூடு இல்லன்னா, ஆத்தா நம்மள தலமுழுகிட்டான்னு நெனச்சிக்கினு திரும்பிப் போயிடுவான் சார். அப்புறம் எங்க போயித் தேடுவேன்?"

அவர் நிமிர்ந்து கேட்டார்: "அவன் வந்தா எங்க இறங்குவான்?"

"ரோட்டுல, புளியமரத்து ஸ்டாப்புல."

"நான் அங்க நிக்கறேன். புது வீடு எங்கன்னு நான் சொல்லி அனுப்பறேன். மத்த நாள் டீக்கடைக்காரர்கிட்ட சொல்லி வைக்கறேன். ஞாயித்துக்கிழமை நானே வருவேன்."

அஞ்சலை அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொன்னா செய்வீங்க" என்று எழுந்து பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் விளையாட்டில் மை இல்லை. எடுத்துவிட்டார். ராமலிங்கம் குதித்தார். "இருந்த ஒரே வசதியையும் ஏன்யா புடுங்கிட்ட? மறுபடியும் பாம்புகிட்ட சாவறதா?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்லுது. அது வேணாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் புளியமரத்தடியில் குடையோடு நின்றார். இறங்கும் பையன்களிடமெல்லாம், "தம்பி, உங்க அம்மா பேரு என்ன?" என்று கேட்டால் யார் சும்மா விடுவார்கள்? ஒருவன் சட்டையைப் பிடித்தான். பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ சொல்லி, ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்துவிட்டார்.

"யாருக்குய்யா நிக்கிற?"

"செல்வத்துக்குங்க."

"உம் பையனா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"ஒரு பொய் சொல்லிட்டேங்க."

கான்ஸ்டபிள் தலையிலடித்துக்கொண்டு டீ வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார். மதியம் அஞ்சலை தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். அவர் சாப்பிடும்வரை பஸ்ஸை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஒருமுறை கேட்டேவிட்டேன். "சார், அவன் நெஜமாவே வருவானா?"

"தெரியாதும்மா" என்றார். மறுபடி பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

செல்வம் வரவே இல்லை. அடுத்தென்ன சார் ரிட்டயராகி ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. பிரிவு உபசார விழாவில் மாலையோடு மைக் முன்னால் நின்றவர் நன்றிகூடச் சொல்லவில்லை. "செல்வம்னு ஒரு பையன் வந்தா, யாரு பாத்தாலும் சொல்லுங்க. புளியமரத்து ஸ்டாப்புலேர்ந்து வடக்கே போகணும். தண்ணித் தொட்டி வரும். தாண்டினா வேப்பமரம். அதுக்கு அடுத்த வீடு. அவங்க அம்மா இருக்காங்க" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். முன்வரிசையில் ராமலிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அவர் காலமாகிவிட்டதாக ஊரிலிருந்து தகவல் வந்தும் வெகுகாலமாகிறது. இன்றும் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால், புளியமரத்து ஸ்டாப்பில் இறங்குகிறவர்களை நான் எட்டிப் பார்க்கிறேன். செல்வத்துக்கும் இப்போது தலை நரைத்திருக்கும்.

வடக்கே, தண்ணித் தொட்டி, வேப்பமரம், அடுத்த வீடு. நான் மறக்கலை சார்.