டப்பா அக்கா கேட்ட வலது கால்

பூந்தமல்லியில் டப்பா அக்காவின் மண்ணில் பதியாத பொருள் ஒன்றுதான் பாக்கி: வானம். அதற்கும் ஏணி விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி!

லேத் பட்டறைக்குப் பின்னால் ஷெட் போட்டு, களிமண்ணில் தட்டும் கிண்ணமும் செய்து சூளையில் சுடுகிற கலைஞர் அவர். மற்றவர்களுக்கு மலையையும் கடலையும் பார்த்தால்தான் கற்பனை ஊறும். அக்காவுக்குப் பழைய இட்லித் துணி போதும். எவர்சில்வர் டப்பாவில் ஈரமண்ணோடுதான் வெளியே கிளம்புவார். பிடித்த வடிவம் கண்ணில் பட்டால் அங்கேயே அமுக்கி அச்சு எடுத்துவிடுவார்.

ஒருமுறை பஸ் நிலையத்தில், புறப்படவிருந்த பஸ்ஸின் டயர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“யம்மோவ், எந்திரி! டைம் ஆவுது!” என்று டிரைவர் கத்தினார்.

“கத்தாத நைனா! டயரு இன்னா சோக்கா தேஞ்சிகீது தெரியுமா?”

பயணிகளில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். அந்த அச்சில் சுட்ட தட்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சாம்பார் ஊற்றினால் டயர்த் தடம் வழியே ஓடி அப்பளத்தைத் துரத்தும்.

என் மகள் ஞாயிறுதோறும் அவரிடம் மண் வேலை கற்றாள். போன வருடம் ஸ்கூட்டர் சறுக்கி அவளுடைய வலது கணுக்கால் முறிந்தது. இப்போதும் தெருவில் பிரேக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுகிறேன். மாவுக்கட்டோடு அவள் வீட்டில் கிடந்தபோது, அக்கா ஒரு பலகையில் மண்ணைப் பரப்பி எடுத்துவந்தார். நலம் விசாரிக்கவில்லை.

“நல்லா கீற கால நீட்டு கண்ணு.”

இடது பாதத்தைப் பதித்துக்கொண்டார். பக்கத்தில் இன்னொரு பாதத்துக்கு இடம் காலி.

“வலது காலு நடந்து வந்து வைக்கட்டும்.”

எனக்கு வந்த கோபத்தில் காபிகூடக் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் ஊன்றச் சொன்னார். மகளோ பயத்தில் காலைத் தரையில் வைக்கவே மறுத்தாள். கெஞ்சினோம், அதட்டினோம், அழுதும் பார்த்தோம். அப்போதுதான் அக்காவின் போன்.

“இட்டுகினு வா அண்ணாத்தே.”

ஷெட்டில் பிளாஸ்டிக் தாளையும் ஈரத்துணியையும் விலக்கினார். அதே பலகை! மண் வெண்ணெய்போல இருந்தது.

“இத்தனை நாளில் காய்ஞ்சிருக்கணுமே?” என்றேன்.

“தெனம் துணி நனைச்சிப் போட்டுகினு கீறேன். நீ நவுரு. கண்ணு, வை!”

வைத்தாள். ஊன்றியும் விட்டாள்! நான் போட்ட கத்தலில் பக்கத்துப் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள்.

அவள் தள்ளாடியபோது தாங்கக் குனிந்த என் கட்டைவிரல் மண்ணின் ஓரத்தில் அழுந்திவிட்டது. பதறி, தடவிச் சரிசெய்யப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டார்.

சுட்டு வந்த தட்டில் இரண்டு பாதங்களோடு அந்த விரலும் இருக்கிறது. காபிகூடக் கொடுக்காமல் அனுப்பியவனுக்கும் அக்கா அதில் இடம் விட்டிருக்கிறார்.