ஐயாத்துரையின் உழக்குத் துவக்கு

உருத்திரபுரத்து ஐயாத்துரை ஒரு சபதம் எடுத்தார். இனி இந்தப் பிறவியில் சைக்கிளில் கால் வைப்பதில்லை.

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. பெற்றோல் தடை வந்த நாளிலிருந்து அந்த மனிதர் பெடல் மிதித்து உழக்காத தூரம் இல்லை. நெல்மூட்டையை வைத்து உழக்கினார். விறகை வைத்து உழக்கினார். மகளின் கலியாணத்தில் ஆட்கள் உட்காரக் கதிரைகளை அடுக்கிக்கட்டி, எதிரே வருவது சைக்கிளா கோயில் தேரா என்று சனம் விலகி நிற்கிற மாதிரி உழக்கினார். இப்போது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, தை மாதம். சண்டை நின்றிருந்தது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார்கள். நாடே இளைப்பாறும்போது தன்னுடைய முழங்கால் மட்டும் ஏன் பாடுபடவேண்டும் என்பது அவருடைய நியாயம்.

கெடுகாலம், சபதம் எடுத்த கிழமையே ஆஸ்பத்திரியில் டொக்டர் வேறு விதமாகச் சொல்லிவிட்டார்.

"ஐயா, சீனி நல்லா ஏறிப்போய்க் கிடக்கு. மருந்துக் குளிசை ஒழுங்கா வரும் எண்டு நம்பியிருக்கேலாது. இனிப்பை விடுங்கோ. சைக்கிள் உழக்குங்கோ. இல்லாட்டி ஒருநாள் காலை எடுக்கவேண்டி வரும்."

ஐயாத்துரை அதை டொக்டர்மார் வழக்கமாகச் சொல்லுகிற கதை என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பக்கத்தில் நின்ற மனைவி விமலேஸ்வரி அப்படி விடவில்லை. விமலாவின் தகப்பனுக்கும் இதே வருத்தம்தான். காலை எடுத்த பிறகு அந்த மனிதர் அதிக நாள் இருக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் மிச்சமிருப்பது இந்த ஒரு மனுசன். அவரை முழுசாக வைத்திருக்க வேண்டும். விமலாவுக்கு அன்றிலிருந்து வேறு யோசனையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பனங்கட்டியை ஒளித்தார். இரண்டாவது வேலையாகக் கெஞ்சினார்.

"இஞ்சாருங்கோ, விடிய வயலடிக்காவது சைக்கிள்ல ஒருக்காப் போட்டு வாங்கோவன்."

"விமலா, ஒரு மனுசனுக்கு இவ்வளவு உழக்குத்தான் எண்டு தலையில எழுதியிருக்கு. என்ர பங்கு முடிஞ்சுது."

"கால் விறைக்குது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"விறைச்ச காலை ஏனப்பா எழுப்புவான்? அது நித்திரை கொள்ளட்டும்."

"டொக்டர் சொன்னதைக் கேட்டீங்களெல்லே?"

"அவர் மோட்டச்சைக்கிள்ல வாறவர். அவருக்கு உழக்கிறது பற்றி என்ன தெரியும்?"

அதற்கு மேல் விமலா ஒன்றும் பேசவில்லை. விமலா பேசாமல் விட்டால் பயப்பட வேண்டும் என்பதை இத்தனை வருடக் குடித்தனத்தில் ஐயாத்துரை கற்றுக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜேர்மனியிலிருந்து துவக்கு வந்தது.

அனுப்பியவன் விமலாவின் தம்பி. ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட, அது வவுனியாவில் தமக்கை வீட்டில் கிடந்தது. விமலா போய் எடுத்துவந்தார். நீளத் துவக்கு, விளையாட்டுத் துப்பாக்கி. உடம்பெல்லாம் மஞ்சள் பிளாஸ்டிக். உள்ளே ஒரு சின்ன மோட்டர், சில பல்லுச்சில்லு, ஒரு சுருள்கம்பி. பற்றரியைக் கொடுத்து விசையை அமத்தினால் வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டுகள் டக டக என்று பாயும். பட்டால் நோகும், காயம் வராது.

"இதை வைச்சு அங்க என்ன செய்யிறவை?" ஐயாத்துரை துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வளந்த ஆம்பிளையள் ஞாயிற்றுக்கிழமையில காட்டுக்குள்ள போய் விளையாட்டுக்குச் சண்டை பிடிக்கிறவையாம். காசு கட்டி."

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அடுத்த வளவு மாயாண்டி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர். ஊரில் எந்த றேடியோ இருமினாலும் அவரிடம்தான் போகும்.

"காசு கட்டியா!" என்றார் மாயாண்டி. "நம்ம ஊர்ல ஓசியிலயே நடந்துச்சே அண்ணே."

ஐயாத்துரையின் மனசோ வயலுக்குப் போய்விட்டது. நெல் பால் பிடித்து முற்றிக்கொண்டிருந்தது. மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிற கிளி, கூட்டம் கூட்டமாகக் கதிரிலும் இருந்தது. விடிய எழும்பிப் போய்த் தகரம் தட்டிக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இனி அந்தப் பாடு இல்லை. காவல் கொட்டிலுக்குள் சாய்மனைக் கதிரையைப் போடுவது. காலை நீட்டிப் படுப்பது. ஒரு விரலை மட்டும் அசைப்பது.

"விமலா! இனி இந்த ஐயாத்துரை வரம்பில ஓடித் திரியிறவன் இல்லை. படுத்த படுக்கையில பயிரைக் காப்பன்!"

விமலாவின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

"பற்றரி எங்க?"

"பற்றரியோ?" என்று விமலா சேலைத்தலைப்பைச் சரிசெய்தார். "அதைத் தடைமுகாமில ஆமிக்காரங்கள் எடுத்துப்போட்டாங்களப்பா."

"துவக்கை விட்டிட்டுப் பற்றரியைப் பறிச்சவங்களோ?"

"ஓம். துவக்கைப் பாத்துச் சிரிச்சவங்கள். பற்றரியைக் கண்டுதான் பயந்தவங்கள்."

ஐயாத்துரை சந்தேகப்படவில்லை. வன்னிக்குள் ரோச் லைற் பற்றரி ஒன்றைக் கொண்டுவருவதே பெரும்பாடு என்பது குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும்.

ஆனாலும் அவர் தளர்கிற ஆளா? செத்துப்போன பழைய பற்றரிகளை ஊரெல்லாம் பொறுக்கினார். மிளகாய் காயப்போட்ட பாயின் பக்கத்திலேயே வெயிலில் காயப்போட்டார். வரிசையாகக் கட்டித் துவக்கில் கொடுத்தார். துவக்கு ஒருதரம் செருமியது. பிறகு மூச்சை விட்டது. குழாய் அடைத்திருக்கும் என்று தேங்காயெண்ணெய் விட்டார். அன்றிலிருந்து குண்டுகள் ஒட்டிக்கொண்டு வெளியே வரமாட்டோம் என்றன. எண்ணெயைத் துடைத்து எடுப்பதற்குள் ஒரு முழு நாள் போயிற்று.

விமலா அரிசி களைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கேன் மினக்கெடுறியள்? மாயாண்டி சைக்கிள் டைனமோவில றேடியோ கேக்கிறவர்தான். ஆனா அது சின்னச் சாமான். துவக்குக்கு அது காணாது. உங்களாலயும் ஏலாது."

"ஆருக்கு ஏலாது?"

"சும்மா சொன்னனானப்பா."

"எனக்கோ ஏலாது?"

அடுத்த கணம் சைக்கிள் காவல் கொட்டிலுக்குள் நின்றது. பின்சில்லு நிலத்தில் முட்டாமல் ஸ்ராண்ட் போட்டு, டைனமோவிலிருந்து துவக்குக்கு வயர் இழுத்தாயிற்று. துவக்கு உதறியது, சுடவில்லை. மாயாண்டி வந்து பார்த்தார்.

"அண்ணே, டைனமோ கரண்டு முன்னாலயும் பின்னாலயும் ஆடும். மோட்டருக்கு அது புரியாது. நான் ஒரே பக்கமா ஓட வச்சுத் தாரேன்."

உயிரை விட்ட ஒரு றேடியோவிலிருந்து டயோட்டுகளைக் கழற்றி ஒட்டிக் கொடுத்தார். துவக்கு பேசியது.

இனி உழக்குவது யார் என்ற கேள்விக்கு ஐயாத்துரையிடம் பதில் ஆயத்தமாக இருந்தது.

"நீர் உழக்கும். நான் சுடுறன்."

"ஓமப்பா," என்று விமலா ஒரு மறுப்பும் சொல்லாமல் ஏறினார். உழக்கினார். குண்டு குழாயை விட்டு வந்து ஐயாத்துரையின் பெருவிரலில் விழுந்தது.

"இன்னும் கெதியா!"

"இதுக்கு மேல எனக்கு ஏலாது. எப்பிடி எண்டு ஒருக்கா உழக்கிக் காட்டுங்கோவன். நான் பாத்துப் பழகுறன்."

ஐயாத்துரை ஏறிக் காட்டினார். விமலா துவக்கை எடுத்தார். ஒரு கண்ணை மூடினார். டக், டக், டக். கிளிக்கூட்டம் பச்சைச் சேலையை உதறினாற்போல எழும்பிப் பறந்தது. பழகுகிறேன் என்றவர் அதற்குப் பிறகு பழகவேயில்லை.

விடிய ஒருதரம், பொழுதுபட முன் ஒருதரம். மனைவி சாய்மனைக் கதிரையில். புருசன் சைக்கிளில். சைக்கிளில் ஏறுவதில்லை என்ற சபதத்துக்கு என்ன நடந்தது என்று மாயாண்டி கேட்டார்.

"சைக்கிள் ஓட்டமாட்டன் எண்டுதான் சபதம். இது ஓடேல்லையே, நிக்குதெல்லே!"

துவக்கை முன்னேற்றுவோம் என்று விமலாதான் தொடங்கினார். தூரக் கிளிக்கு எட்டவில்லையாம். மாயாண்டி பெலத்த சுருள்கம்பி ஒன்று போட்டார். குண்டு வாய்க்கால் தாண்டிப் போயிற்று. ஐயாத்துரை இரண்டு மடங்கு உழக்க வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் குண்டு முடிந்ததும் வேலியோரத்துக் குண்டுமணியைப் பொறுக்கிப் போட்டார் விமலா. அளவு அச்சொட்டாக இருந்தது, பாரம் கூட. மறுபடி கம்பியை இறுக்கினார்கள். துவக்கின் பெலம் ஏற ஏற ஐயாத்துரையின் மூச்சு இறங்கியது. இயக்கப் பொடியள் இரண்டு பேர் கேள்விப்பட்டு வந்து பார்த்தார்கள். ஒருவன் சுட்டான், ஐயாத்துரை உழக்கினார். "ஐயா, இதை வைச்சு ஒரு முகாமும் அடிக்கேலாது," என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மஞ்சள் துவக்கைக் கண்டு இரண்டு பக்கமும் சிரித்தாயிற்று. கிளிகள் மட்டும்தான் மரியாதை கொடுத்தன.

மாசி கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டொக்டர் சோதனைத் துண்டை இரண்டு தரம் பார்த்தார்.

"சீனி நல்லாக் குறைஞ்சிருக்கு. கால் விறைப்பு?"

யோசித்துப் பார்த்தபோதுதான் ஐயாத்துரைக்கே தெரிந்தது, விறைப்பு எப்போதோ போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் விமலா முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசு விழுந்துவிட்டது என்றார்.

சீனி குறைந்தால் அதைக் கொண்டாட வேண்டாமா? மறுநாள் விமலா கிணற்றடியில் நின்ற நேரம் ஐயாத்துரை குசினிக்குள் நுழைந்தார். வெறுந்தேத்தண்ணி குடித்துக் குடித்து நாக்கு செத்துக் கிடந்தது. ஒரேயொரு துண்டு பனங்கட்டி. மா டின்னில் இல்லை. மிளகாய்ப் பேணியில் இல்லை. அரிசிப் பானையின் மேல் கிடந்த, அரிசி அளக்கிற சுண்டை எடுத்து வைத்துவிட்டு முழங்கைவரை கைவிட்டார். துணிப்பொட்டலம் ஒன்று தட்டுப்பட்டது. வாயூற அவிழ்த்தார்.

உள்ளே பற்றரி. துவக்கின் பற்றரி.

முதலில் அவருக்கு வந்தது கோபம். இவ்வளவு நாளும் மாடு மாதிரி உழக்கவைத்தாளே! போய்க் கேட்கவேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? "அரிசிப் பானைக்குள் உங்களுக்கென்ன வேலை?" என்றொரு கேள்வி வருமே.

குசினி நிலத்தில் அப்படியே குந்தியிருந்தார். தடைமுகாமைத் தாண்டி இதைக் கொண்டுவந்திருக்கிறாள். பிடிபட்டிருந்தால் என்ன கதி? கொண்டுவந்ததைத் தம்பிக்கும் சொல்லாமல், தனக்கும் சொல்லாமல் அரிசிக்குள் புதைத்துவிட்டு, விடிய எழும்பிக் கதிரையில் இருந்து இந்தக் காலுக்காகக் கிளி சுட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவள் கண்ணில் விழுந்தது தூசு இல்லை. இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்ததே பெரிய விசயம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

பற்றரியைப் பழையபடி சுற்றிப் பானைக்குள் வைத்து, சுண்டையும் மேலே வைத்தார். அன்று பின்னேரம் இல்லாத கிளிக்கும் சேர்த்து உழக்கினார்.

"என்னப்பா, இண்டைக்கு இந்த வேகம்?"

"சும்மாதான்," என்றார். முதன்முறையாகத் தான் விமலாவை வென்றுவிட்டதாக அவருக்கு ஒரு சந்தோசம். ஏமாந்தவன் மாதிரி இருந்துகொண்டே ஏமாற்றுவது எவ்வளவு இனிப்பான விசயம்!

அறுவடை முடிந்தது. மூட்டை வீடு வந்தது. கிளிகள் வேறு ஊர் பார்த்துப் போயின. காவல் கொட்டிலில் சைக்கிள் வேலையில்லாமல் நின்றது. உழக்குவதற்கு இனி என்ன சாட்டுச் சொல்வது என்று ஐயாத்துரைக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது.

"விமலா, சைக்கிளைக் கழட்டுவமே?" என்று இழுத்தார்.

"கழட்டாதேங்கோ. குசினிக்கு ஒரு லைற் வேணும். அந்தப் பற்றரிக்குச் சார்ஜ் ஏத்தினா நல்லா எரியும் எண்டு மாயாண்டி சொன்னவர். நாளாந்தம் ஏத்தவேணுமாம்."

"எந்தப் பற்றரி?" ஐயாத்துரை முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார்.

"அரிசிப் பானைக்குள்ள கண்டீங்களே, அது. நான் சுண்டைக் கவிட்டு வைக்கிறனான். நீங்கள் நிமித்தி வைச்சிட்டுப் போட்டியள்."

ஐயாத்துரை சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். விமலா சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து அவருடைய முழங்காலை ஒருதரம் தடவிவிட்டார். பிடிபட்டது பிடிபட்டாயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று ஐயாத்துரையும் துணிந்து கேட்டுவிட்டார்.

"சரியப்பா, அப்ப அந்தப் பனங்கட்டியை எங்கதான் வைச்சனீர்?"

"இந்தக் கொட்டில் கூரை வளையிலதான், உங்கட தலைக்கு நேர மேல. குனிஞ்சு உழக்கிற மனுசன் நிமிந்து பாக்கமாட்டார் எண்டு தெரியும். நேற்றுத்தான் கடைசித் துண்டை நான் திண்டனான்."