வெளிப்பக்கம் திறக்கும் கதவு

நோபல் பார்க்,
18.06.2011

பெருமதிப்புக்குரிய மச்சான் மகாதேவன் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை பவளராணியும் முருகன் கிருபையால் சுகம். சிட்னியில் உங்கள் சுகத்தையும், என் வீட்டு வாசற்கதவைப் பற்றிய உங்கள் கவலை கொஞ்சமாவது தணிந்ததா என்பதையும் அறிய ஆவல்.

சென்ற கிழமை தொலைபேசியில் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "சிறீ, உமக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது. கதவு சரிவரும்வரைக்கும் தங்கச்சியை இஞ்ச அனுப்பிவிடும்." பழைய கதவு பூட்டுப்படுவதில்லை என்பது உண்மை. நான் டண்டினொங் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போனால், பவளராணி கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டு விடியும்வரை விழித்திருப்பார் என்பதும் உண்மை. அதை நினைத்தால் எனக்கும் வேலை ஓடுவதில்லை. அதற்காக முப்பது வருடம் குடும்பம் நடத்தியவன் மனைவியைப் பார்சல் கட்டி அனுப்புவானா? அனுப்பமாட்டேன். நானே புதுக் கதவு வாங்கினேன், நேற்று நானே பொருத்தினேன்.

நடந்ததைப் பிறர் வாயால் நீங்கள் அறியமுன் நானே எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் காலை ஒன்பது பத்துக்கு நல்ல நேரம் இருந்தது. எட்டு மணிக்கே பழைய கதவைக் கழற்றித் தெருவோரம் வைத்தேன். நகரசபை பழைய சாமான் ஏற்றும் கிழமை என்பதால், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கொண்டுபோய்விட்டான். ஒன்பது மணிக்குப் புதுக் கதவைத் தூக்கும்போது பவளராணி கேட்டார்: "இஞ்சாருங்கோ, இந்த ஒன்பது பத்து ஊர் நேரமோ, இஞ்சத்தை நேரமோ?" ஊரில் ஒன்பது பத்து என்றால் இங்கே பிற்பகல் ஒன்று நாற்பது. "பரவாயில்லை, இப்பவே பொருத்துவம்" என்றேன். "நேரம் பாக்காமல் வச்ச கதவுக்குள்ள நான் படுக்கமாட்டன்" என்றார். அவர் நிம்மதியாகப் படுக்கத்தானே கதவே. ஆகவே குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, நாலரை மணித்தியாலம், கதவில்லாத வீட்டுக்கு நானே கதவாக இருந்தேன். வேதம் போதிக்க வந்த இரண்டு வெள்ளைக்காரர் தட்டுவதற்கு இடமில்லாமல் தயங்கி நின்றார்கள். பவளராணி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீரும் வடையும் கொடுத்தார். ஒன்று நாற்பதுக்குக் கதவின் மறுமுனையைப் பிடித்தவர்கள் அவர்கள்தான். சிட்னியில் இருந்து புத்தி சொல்பவர்களைவிட அவர்கள் மேல் என்பதை இவ்விடத்தில் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

நல்ல நேரம் தப்பிவிடும் என்ற அவசரத்தில், கதவை நிலையோடு சேர்க்கும் பிணைச்சல் மறுபக்கமாக அமைந்துவிட்டது. கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. திறக்கும்போதெல்லாம் வாசலில் கழற்றி வைத்த செருப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் கூட்டிப் படிக்குக் கீழே தள்ளுகிறது. நேற்றுப் பின்னேரம் கதவைப் பார்க்க வந்த அயல்வீட்டு நாகேஸ்வரி அன்ரி ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார். இதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். கள்ளன் உதைத்தால் இந்தக் கதவு உள்ளே வராது, அவன் கால்தான் நோகும். அடியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. அது காற்றோட்டத்துக்கு.

ஆகவே வரும் வெள்ளிக்கிழமைக்கு நீங்கள் பவளராணிக்கு எடுத்த விமானச் சீட்டை ரத்துச் செய்யவும். அவர் வரமாட்டார்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நல்லூர்க் கந்தன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், பிறர் வீட்டு விஷயத்தில் குறைந்த ஆர்வத்தையும் அருள்வானாக.

இப்படிக்கு,
தன் கையால் கதவு பொருத்திய
சிறீஸ்கந்தராசா

பி.கு.: ஒட்டுவதற்குமுன் கடிதத்தைப் பவளராணி வாசித்தார். "நான் கதவுக்காகவோ சிட்னிக்குப் போகக் கேட்டனான்? அண்ணையைப் பாத்து மூண்டு வருசமாச்சு" என்றார். எனக்கு மனம் சுட்டுவிட்டது. சீட்டை ரத்துச் செய்ய வேண்டாம். நானும் கூட வரலாம் என்று பெட்டியை இறக்கினேன். ஆனால் இந்தக் கதவை உள்ளே நின்றுதான் பூட்டலாம். ஒரு சீட்டே போதும்.