ஒரு தூண் குறையுது

கஸ்பர் கணக்கப்பிள்ளைக்கு அவசரமாக ஒரு கால் சுளுக்கு வேண்டியிருந்தது. பொய்ச் சுளுக்கே போதும். ஆனால் பார்க்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். நானுஓயாவிலிருந்து வருகிற, புத்தர் கோயில் யாத்திரைக்காரர்களுக்கான பொசன் பண்டிகை ஸ்பெஷல் ரயில் நாளைக் காலை ஆறு மணிக்கு அட்டனில் நிற்கும். நேரே அனுராதபுரம். அதில் அவரும் ஏறக்கூடாது, அவர் பெண்டாட்டி பிள்ளைகளும் ஏறக்கூடாது. அவர்கள் ரயிலேறினால் பதினாறு வருஷத்து மானம் கப்பலேறிவிடும்.

விஷயம் இதுதான். கஸ்பர் கல்யாணமாகாத வாலிபனாக இருந்த காலத்தில், தேயிலைத் தோட்டத்துத் துரை அனுராதபுரம் பார்க்கப் புறப்பட்டபோது அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது உண்மை. குருநாகலில் ஜீப் படுத்துக்கொண்டதும் உண்மை. துரை பஸ் பிடித்துப் போய்விட்டார். கஸ்பர் மூன்று நாள் ஜீப்புக்குக் காவல் இருந்து, வயிறாரக் கொசுக்கடி வாங்கிக்கொண்டு, தோட்டம் இருக்கிற நோர்வூட்டுக்குத் திரும்பினார். தோட்டமே சுற்றி நின்று "என்னா பாத்தீங்க?" என்று கேட்டது. ஜீப்பைப் பார்த்தேன் என்று எந்த மனுஷனால் சொல்ல முடியும்?

"அனுராதபுரத்துல ஆயிரத்தறுநூறு கல்தூண் இருக்குன்னு சொல்றாங்கள்ல? நான் எண்ணிப் பாத்தேன். மூணு நாளா எண்ணினேன். தூண் தூணா சோக்குக் கட்டியால கோடு போட்டேன். ஆயிரத்து ஐநூத்தித் தொண்ணூத்தொம்பதுதான் இருக்கு. ஒண்ணு குறையுது! அங்க உள்ள பெரிய ஆபிசர் என்னையக் கட்டிப் புடிச்சு அழுதுட்டாரு."

அன்றைக்கு வாயில் வந்தது, அப்புறம் வாயைவிட்டுப் போகவேயில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னார். கல்யாண வீட்டில் சொன்னார். ஒரு செத்த வீட்டில், பிரேதத்தை எடுக்க நேரமாகிறது என்று பாதிரியார் இருமுகிற வரைக்கும் சொன்னார். மகள்கள் ரீற்றாவுக்கும் பிலோமினாவுக்கும் ஜெபம் பாடமாகுமுன்னே இந்தத் தூண் பாடமாகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னே, பக்கத்து வீட்டு நாகலெட்சுமி ஸ்பெஷல் ரயில் சங்கதியைக் கொண்டுவந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அவள் காதுக்குத் தப்பி அந்த மலையில் ஒரு இலைகூட அசையாது. சாயங்காலம் கஸ்பர் தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைத்த நேரம் பார்த்து, மனைவி அந்தோனியம்மா பேச்சை எடுத்தாள்.

"என்னாங்க, பொசனுக்கு ஸ்பெஷல் ரயில் விடுறாங்களாம். காலைல போய் ராத்திரி வந்துறலாமாம். பிள்ளைங்களுக்கு அந்தத் தூணைக் காட்டுவோமா?"

தேத்தண்ணி மூக்குக்கு ஏறியது. "எ... எந்தத் தூண?"

"குறையுதுன்னீங்களே, அதைத் தவிர மத்ததை."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் எண்ணின மனுஷன் அல்லவா? கஸ்பர் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். வேண்டாம் என்று சொல்லக்கூடாது, அவளே வேண்டாம் என்று சொல்லும்படி செய்ய வேண்டும். பயண ஏற்பாட்டைக் கையில் எடுத்தார்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு வீட்டு வாசலிலேயே பெரட்டுக் களம் போட்டார். தோட்டத்தில் தினமும் காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிடுகிற பெரட்டு அவர் ராஜ்ஜியம். பிந்தி வந்தவர்களுக்கு அரைப் பேர்தான் போடுவார், அதாவது பாதிச் சம்பளம். அழுதாலும் இரங்கமாட்டார்.

"போற அன்னைக்கும் பெரட்டு நாலு மணிக்கு! பிந்தி வந்தா யாரா இருந்தாலும் அரைப் பேரு. அரைச் சாப்பாடுதான். வெளங்குதா?"

"வெளங்குதுங்க ஐயா," என்றாள் அந்தோனியம்மா, முந்தானையால் கொட்டாவியை மறைத்துக்கொண்டு.

"அட்டன்ல ரயில் ரெண்டு நிமிஷந்தான் நிக்கும். கூடை, குடை, பிள்ளை எல்லாத்தோடயும் ரெண்டு நிமிஷத்துல ஏறணும். முடியலன்னா பயணம் கேன்சல்!"

வீடுதான் ரயில். வாசல்படிதான் பெட்டிக் கதவு. கூட்டம் வேண்டுமே என்று கஸ்பரே வாசலில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு நின்றார். முதல் நாள் நாலு நிமிஷம் ஆனது. கஸ்பருக்கு உள்ளுக்குள் பாயாசம். அந்தோனியம்மா அவரையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டாம் நாள் பிலோமினா ஜன்னல் வழியே உள்ளே போனாள். பின்னாலேயே ரீற்றா. கூடை போனது, குடை போனது, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அந்தோனியம்மாவும் போனாள். நாற்பது செக்கன். வேலிக்கு அந்தப் பக்கம் நாகலெட்சுமி கைதட்டினாள். கஸ்பர் இன்னும் வாசலை மறித்துக்கொண்டுதான் நின்றார்.

"அங்க மலேரியா இருக்கு, தெரியுமா?" என்றார் அடுத்த நாள்.

"டிஸ்பென்சரில மாத்திரை வாங்கிட்டேன். இந்தாங்க, உங்களுக்கு ரெண்டு. நீங்கதான் கொசு பிடிச்ச ஆளு."

"போக வர பதின்மூணு மணித்தியாலம் ரயில்ல குந்தியிருக்கணும்!"

"பதினாறு வருஷமா அடுப்படில நிக்கிறவளுக்குப் பதின்மூணு மணித்தியாலம் குந்துறது கஷ்டமா? சொர்க்கங்க!"

மிச்சம் இருந்தது சுளுக்கு ஒன்றுதான். பயணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் கஸ்பர் தேயிலை மலையில் தண்ணீர் வடிகிற கானில் சாவகாசமாக உட்கார்ந்து, சாரத்தில் கொஞ்சம் சேறு பூசி, ஒரு கூச்சல் போட்டார். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். அந்தோனியம்மா பதறிப்போனாள். எண்ணெய் காய்ச்சித் தடவினாள். முழங்கால் வரைக்கும் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள்.

"அடுத்த வருஷம் பாத்துக்குவோம் அந்தோனியம்மா," என்றார் கஸ்பர், குரலைத் தழையவிட்டு. "என்னால பிள்ளைங்க ஆசை கெட்டுப் போச்சேன்னுதான் மனசு கேக்கல."

"ஐயோ, நீங்க ஏங்க வெசனப்படுறீங்க? நீங்க மூணு நாள் பாத்த எடந்தானே. படுத்திருங்க. நாங்க போயிட்டு வர்றோம். நாகலெட்சுமி தொணைக்கு வர்றா. நாங்க நாலு பேரும் எண்ணிப் பாத்து, எந்தத் தூண் குறையுதுன்னு வந்து சொல்றோம்."

"எண்ணியா?"

ரீற்றா ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள். "அப்பா, சோக்கு வாங்கிட்டேன்!"

காலை நாலு மணிக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள். தலைமாட்டில் சுடுதண்ணிப் போத்தலும் வேப்பெண்ணெயும் இருந்தன. கஸ்பர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நாலு பேர், ஒரு பெட்டி சோக்கு. எண்ணிவிடுவார்கள். ஆயிரத்தறுநூறு சரியாக இருக்கும். நாகலெட்சுமி வாயில் விழுந்தால் நாளைக்குப் பெரட்டுக் களத்தில் என்ன நடக்கும்? கொழுந்து நிறுக்கும்போது, பறிக்கிறவர்களில் வாய்த்துடுக்கான வீரம்மா கேட்பாள்: "ஐயா சொல்ற கிலோவுல ஒண்ணு குறையுதா, கூடுதா?" மலையே சிரிக்கும். அப்புறம் அவர் யாருக்கு அரைப் பேர் போடுவது? அவர்கள் எண்ணத் தொடங்குமுன் அவர் அங்கே நிற்க வேண்டும். சோக்கைப் பிடுங்க வேண்டும், வெயில் என்று கத்த வேண்டும், தேவைப்பட்டால் மயங்கி விழ வேண்டும்.

கஸ்பர் எழுந்து ஓடினார். றோட்டில் வந்த மரக்கறி லொறியை மறித்து, லீக்ஸ் கட்டுக்கு மேலே தொற்றிக்கொண்டார். அட்டன் ஸ்டேஷனுக்குள் அவர் பாய்ந்தபோது கால்கட்டு அவிழ்ந்து பத்து முழம் பின்னால் வந்துகொண்டிருந்தது. ரயில் ஊதிவிட்டது. கதவெல்லாம் வெள்ளை உடுப்புக் கூட்டம்.

"அப்பா! ஜன்னல்!" என்றாள் பிலோமினா.

அந்தோனியம்மா ஒரு கையைப் பிடித்தாள், நாகலெட்சுமி சட்டைக் காலரைப் பிடித்தாள். கஸ்பர் தலைகீழாகக் கூடைமேல் வந்து விழுந்தார்.

"முப்பத்தெட்டு செக்கன்!" என்றாள் ரீற்றா.

"அனே பவ்!" என்றாள் எதிரே இருந்த சிங்களத்து அம்மா ஒருத்தி, கால்கட்டைப் பார்த்து. அவர் ஆசைப்பட்ட 'ஐயோ பாவம்' கடைசியில் சிங்களத்தில் கிடைத்தது.

அந்தோனியம்மா இடுப்பிலிருந்து ஒரு டிக்கட்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, உங்களது."

"என்னோடதா? அப்ப நாகலெட்சுமிக்கு?"

"அவ மூணு வாரத்துக்கு முன்னமே அவளுக்கு எடுத்துட்டா."

பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம், கஸ்பர் குனிந்து மெல்லச் சொன்னார். "அந்தோனியம்மா... அந்தத் தூண் விஷயம்... ஒண்ணு சொல்லணும்..."

"நாப்பது வரிசைங்க," என்றாள் அவள். "வரிசைக்கு நாப்பது. அஞ்சாம் வகுப்புல கன்னியாஸ்திரிங்க எங்களைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நாப்பது நாப்பது ஆயிரத்தறுநூறு. அதுக்கு மூணு நாள் ஆகாது. கணக்கப்பிள்ளைக்கு மூணு நிமிஷம் போதும்."

கஸ்பர் வெடுக்கென்று நிமிர்ந்தார். "அப்ப நான் பொண்ணு பாக்க வந்தப்பவே..."

"கதவுக்குப் பின்னால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். இந்த மனுஷனோட பொழுது நல்லாப் போகும்னுதான் சரின்னேன். பொழுது போச்சு, இல்லேங்கல. ஆனா பதினாறு வருஷமா கதையிலதான் கூட்டிக்கிட்டுப் போனீங்க. ஒரு தடவையாச்சும் ரயில்ல போவோமேன்னு பாத்தேன்."

"பிள்ளைங்களுக்கு...?"

"நான் ஏன் சொல்றேன்? நீங்களே சொல்லுங்க, குறைஞ்ச தூணை வந்து நட்டுட்டாங்கன்னு."

கஸ்பருக்குக் கண் கலங்கியது. பசியும் எடுத்தது. அந்தோனியம்மா கூடையைத் திறந்து, ஆளுக்கு இரண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரு முட்டையும் எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் அவர் கையில் ஒரு ரொட்டி வந்தது. அதன்மேல் பாதி முட்டை.

"என்னாடி இது?"

"பெரட்டு நாலு மணிக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? வந்தது ஆறு மணிக்கு. இன்னைக்கு உங்களுக்கு அரைப் பேருதாங்க, ஐயா."