தராசக்கா நடத்திய காதுகுத்து

கடவுளே நேரில் வந்து நின்றாலும், கும்பிடுவதற்கு முன்னால் ‘எத்தனை கிலோ இருப்பாரு’ என்று கண்ணாலேயே நிறுத்துப் பார்க்கக்கூடிய ஒரே மனுசி எங்கள் தராசக்காதான்.

துடியலூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளின் முனையில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஆனால் ரேஷன் கடைக்காரரே “தராசக்கா, சக்கரை வந்திருக்குதுங்க” என்றுதான் கூப்பிடுவார். ஊருக்கெல்லாம் எப்படியோ, அவருக்கு மட்டும் சர்க்கரை சரியான எடையில் விழும்.

கல்யாணத்துக்குப் போய் வந்தவரிடம் பெண் எப்படி என்று கேட்டால், “பொண்ணு நாப்பத்தஞ்சு, மாப்ள எம்பது, தாலி மட்டும் கனமில்லீங்க” என்பார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இடுப்பில் தூக்கி இரண்டு குலுக்குக் குலுக்கி, “கால் கிலோ எறங்கிப் போச்சு, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க” என்பார். டாக்டர் வீட்டு மிஷினில் நிறுத்தால் அதே கால் கிலோதான் குறைந்திருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடைக்கு வருகிற காகிதம் எதையும் படிக்காமல் கட்ட மாட்டார். பரீட்சைப் பேப்பர், ஜாதகம், காதல் கடிதம், கோர்ட் நோட்டீஸ் எல்லாம் ஒன்றுதான். ஊர் ரகசியம் மொத்தமும் அவருக்குத் தெரியும். ஒன்றும் வெளியே வராது. “எடைக்கு வாங்குனதுக்குத்தான் காசு குடுத்தேன். பேசறதுக்கா குடுத்தேன்?” என்பார்.

நான் அவருக்கு நேர் எதிர். எதைப் பார்த்தாலும் பயம். மழை வந்தால் வீடு ஒழுகுமோ என்று பயம், வராவிட்டால் கிணறு வற்றுமோ என்று பயம். அப்பா இறந்த வருடம் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் சேர்ந்தேன். ஆறு வருடம் செம்புக் கம்பியையே சுற்றிக்கொண்டிருந்ததில், தூக்கத்திலும் என் விரல்கள் சுற்றுவதாக அம்மா சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், தண்ணீர் பார்க் ஒன்று வந்தது. தொண்ணூறுகளில் எங்களுக்கு அது புதுசு. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் வேலிக்கு வெளியே நிற்பேன். உள்ளேயிருந்து சறுக்கில் இறங்குகிறவர்களின் கூச்சல் வரும், குளோரின் வாசம் வரும். சந்தோசத்துக்கென்றே ஒரு இடம் கட்டி, அதில் வேலைக்கு ஆளும் வைத்துச் சம்பளமும் தருவார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அங்கே ஒரு மூலையில் நிற்கக் கிடைத்தால் போதும் என்று இருந்தது. எந்த ஆசையும் என்னை அப்படிப் பிடித்து ஆட்டியதில்லை.

ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கிணற்றில் நீச்சல் பழகியவன் என்பதால் நீந்திக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். குளத்தோரம் நின்று, தண்ணீரில் தடுமாறுகிறவர்களைத் தூக்கிவிடுகிற வேலை. எடுத்துக்கொண்டார்கள். யூனிபாரத்துக்கும் பயிற்சிக்குமாக ஆயிரத்தைந்நூறு ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். அன்றிலிருந்து மூன்றாவது திங்கட்கிழமை காலையில் பணத்தோடு வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

என்னிடம் இருந்தது ஐந்நூற்று நாற்பது.

காயில் கடை முதலாளி கையை விரித்தார். அம்மாவின் கம்மல் ஏற்கனவே அடகில். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் அலைந்துவிட்டு, வீட்டிலிருந்த பழைய செய்தித்தாளையாவது போடலாம் என்று தராசக்காவிடம் போனேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ரெண்டு கிலோ எறங்கியிருக்கற. என்ன கண்ணு, என்ன ஆச்சு?”

சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போனவர், தூசி தட்டி ஒரு நோட்டை எடுத்து வந்தார்.

“இது என்னன்னு தெரியுதா?”

“மொய் நோட்டுங்க்கா.”

“ஊட்டக் காலி பண்ணிட்டுப் போனவங்க வெவரமில்லாம எடைக்குப் போட்டுப்போட்டாங்க. பதினாலாம் பக்கம் பாரு.”

பார்த்தேன். அம்மாவின் பெயர் இருந்தது. ஐம்பத்தொரு ரூபாய்.

“இந்தக் கடைக்கு வந்த நோட்டுலயே ஆறு எடத்துல உங்கம்மா எழுதுன மொய் இருக்குது. வராத நோட்டுல எத்தனை எடமோ. உன்ற ஊட்ல இதுவரைக்கும் ஒரு விசேசமாச்சும் நடந்திருக்குதா?”

நடந்ததில்லை. நான் ஒரே பிள்ளை. அம்மா ஊர் விசேசத்துக்கெல்லாம் போய் எழுதிவிட்டு வந்ததோடு சரி.

“எழுதுனது திரும்பி வரோணும்னா விசேசம் வெக்கோணும். கல்யாணம் வெக்கலாம்னா உனக்கு இப்ப எவன் பொண்ணு குடுப்பான்? எங்க, காதக் காட்டு.”

காட்டினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எங்கள் பக்கம் ஆண் பிள்ளைக்கும் சின்ன வயதிலேயே குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள். கடுக்கன் தாய்மாமன் வாங்க வேண்டும். சிக்கல் அங்கேதான். வெள்ளகோவிலில் இருந்த என் மாமன், “அடுத்த சித்திரைக்கு வெச்சுக்கலாம்” என்றே பத்தொன்பது சித்திரையைக் கடத்திவிட்டார். இருபது வயதில், மீசையும் குத்தாத காதுமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

“வேண்டாமுங்க்கா. ஊரு சிரிக்கும்” என்றேன்.

“சிரிக்கறவனும் மொய் எழுதித்தான் கண்ணு ஆகோணும்.”

அடுத்த நாளே அம்மாவையும் என்னையும் பஸ் ஏற்றி வெள்ளகோவிலுக்குக் கூட்டிப் போனார். மாமன் எங்களைப் பார்த்ததும் விசயம் புரிந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏனுங்க அம்மணி, பையனுக்கு மீசையே மொளச்சுப் போச்சு. இனி எதுக்குங்க காதுகுத்து?”

“மீசைக்குத் தாய்மாமன் ஒண்ணுஞ் செய்ய வேண்டாமுங்க. காதுக்குத்தானுங்க செய்யோணும்” என்றார் தராசக்கா.

“இந்த வருசம் மழை மாரி இல்லைங்க. அடுத்த சித்திரைக்கு...”

தராசக்கா பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினார். பழைய பேப்பர் பழக்கத்தில் ஒரு அச்சகத்தில் சொல்லி, இரவோடு இரவாக அடித்து வாங்கியது. அதில் குலதெய்வத்தின் பெயரைவிட மாமன் பெயர் பெரிதாக இருந்தது.

“வர்ற வழியில உங்க சம்பந்தி ஊட்டுக்கும் ஒண்ணு குடுத்துட்டுத்தானுங்க வந்தோம்” என்றார்.

மாமனுக்கு வேர்த்தது. தராசக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, “அரை கிராமுக்கு மேல வாங்கிப்போடாதீங்க. பையன் காது தாங்காது” என்றார். மாமன் அவரை நன்றியோடு பார்த்ததை நான் கவனித்தேன். திரும்பி வரும்போது தராசக்கா அம்மாவிடம், “அந்த மனுசனும் வாடகை ஊட்லதான் இருக்கறாரு” என்று மட்டும் சொன்னார்.

விசேசம் மூன்றாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் நான் வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை.

அதற்கு முன்னால் எடைப் பிரச்சினை ஒன்று வந்தது. சனிக்கிழமையே வந்து சேர்ந்த மாமனைத் தராசக்கா கடைத் தராசில் ஏற்றினார். நாற்பத்தாறு கிலோ. என்னை ஏற்றினார். அறுபது.

“மடி தாங்காது. கால் போயிரும்.”

“முட்டி ஏற்கனவே சரியில்லைங்க” என்றார் மாமன் பரிதாபமாக.

கடைசியில், கோயிலில் மாமனின் கால்களுக்கு நடுவே ஓர் அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் அவர் வேட்டியைப் பரப்பி, என்னை அதில் உட்காரவைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு மடி. உட்கார்ந்த எனக்கு அண்டா. பக்கத்தில் இன்னொரு காதுகுத்துக்கு வந்திருந்த மூன்று வயதுப் பெண் குழந்தை என் மொட்டையைப் பார்த்துவிட்டு, தன் கையிலிருந்த மிட்டாயில் பாதியைக் கடித்து என்னிடம் நீட்டியது.

ஊசி துருப்பிடித்திருக்குமோ, ஆசாரிக்குக் கை நடுங்குமோ என்று ஆயிரம் யோசனையோடு கண்ணை மூடிக்கொண்டேன். “அய்யோ” என்று ஓர் அலறல் கேட்டது. குத்தியது எனக்கு. அலறியது மாமன். அண்டா விளிம்பு அவர் தொடையில் ஏறிவிட்டது.

பந்தியில் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும்தான். “கெடா வெட்டாத காதுகுத்தாங்க?” என்று ஒருவர் இலையைப் பார்த்துக் கேட்டார். “கெடா வெட்டறது, பையன் சம்பளம் வாங்குனதுக்கப்புறமுங்க. இப்ப நெய்ய ஊத்திக்குங்க” என்று தராசக்கா அவர் இலையில் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினார். ஊர் சிரிக்கத்தான் செய்தது. சிரித்த ஒவ்வொருவரும் கை துடைத்துவிட்டு மொய் எழுதினார்கள். கையை விரித்த காயில் கடை முதலாளியும் வந்து நூற்றொன்று எழுதினார்.

செலவு போக மிஞ்சியதையும் என் ஐந்நூற்று நாற்பதையும் சேர்த்தால் ஆயிரத்தைந்நூறு தேறி, பஸ் காசும் மிஞ்சியது. தராசக்கா பணத்தை மஞ்சப்பையில் போட்டு, கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தார். முள் அசையவே இல்லை.

“பாத்தியா, எடையே இல்ல. இதுக்குப் போயி ரெண்டு கிலோ எளச்சியே” என்றார்.

அத்தனை பேர் கூடி, யோசித்து, பத்திரிகை அடித்து, அண்டா கவிழ்த்து எல்லாம் செய்தோமே, நான் போகிற வேலை தண்ணீரில் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எதற்கும் பயப்படுகிற எனக்கு, வாழ்க்கையில் அந்த ஒரு விசயத்துக்குப் பயப்படத் தோன்றாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் என்னை வெகுநேரம் பார்த்தார். மழித்த தலையில் சந்தனம். இரண்டு காதும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தன.

“என்னப்பா இது?”

“காதுகுத்துங்க சார்.”

“யாருக்கு?”

“எனக்குங்க.”

அவர் சிரிக்கவில்லை. “புண்ணோட குளத்துல எறங்கக் கூடாது. ஆற எப்படியும் ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் எடத்தக் காலியா வெக்க முடியாதுப்பா. அடுத்த ஆளு வெளியில நிக்கறான்.”

மஞ்சப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. நேற்று மொய் எழுதிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அவர்களிடம் திரும்பிப் போய் என்ன சொல்வேன்? வேலிக்கு உள்ளே வந்தபின் மறுபடி வெளியே போய் நிற்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

“வேற எந்த வேலைன்னாலும் சரிங்க சார்” என்றேன்.

அவர் மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு நாற்காலியில், பழுப்பு ரோமத்தோடு, தலை தனியாக உடம்பு தனியாக, ஒரு கரடி கிடந்தது.

“கரடிக்குள்ள நின்ன பையன் புழுக்கம் தாங்காம நேத்து நின்னுட்டான். கேட்ல நின்னு கொழந்தைங்களுக்குக் கை குடுக்கோணும். வாயத் தெறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. கரடி பேசுனா கொழந்தைங்க பயந்துக்கும். நிப்பியா?”

மூச்சு முட்டுமோ, மயக்கம் வருமோ என்று நான் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. “நிக்கறனுங்க சார்.”

வீட்டில் ‘கேட்ல வேலை’ என்று மட்டும் சொன்னேன். கரடி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த பார்க்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். காது ஆறியபின் குளத்தோரம் மாற்றினார்கள். லைன் வீடுகளை இடித்தபோது தராசக்கா கடையைக் கட்டிவிட்டு, பல்லடத்தில் தங்கை வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது பார்க்கிலேயே தங்கி மழைக்காலப் பராமரிப்பு வேலை, ஊரில் இல்லை. பிறகு இரண்டு தடவை பல்லடம் போய், ஒவ்வொரு பழைய பேப்பர் கடையாக ஏறி இறங்கினேன். தராசுகள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இப்போதும் எங்காவது பேப்பர் கட்டுகிற பெண்ணைக் கண்டால், நிமிர்ந்து பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் நிற்பேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் வீடு திரும்பும்போது தராசக்கா கடை பூட்டியிருக்கும். நாலாம் நாள் அவரே பார்க்குக்கு வந்திருந்தார். உள்ளே வர டிக்கெட் நாற்பது கிலோ பேப்பர் விலை, அதனால் வாசலோடு சரி. கையில் ஒரு குட்டிப் பாட்டில். இங்கும் அங்கும் எட்டிப் பார்த்தார். வாட்ச்மேனிடம் கேட்கத் தயங்கி நின்றார். கடைசியில் கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய ஆளாக அவருக்கு நான்தான் பட்டிருக்க வேண்டும். நேராக என்னிடம் வந்தார்.

“ஏனுங்க கரடி, உள்ள புதுசாச் சேந்த பையன் ஒருத்தன் இருக்கறானுங்க. மொட்டத் தலை. காதுல கடுக்கன். இது மஞ்சளும் வேப்பெண்ணெயுமுங்க, காதுல தடவிக்கச் சொல்லிக் குடுத்துருங்க.”

பாட்டிலை என் ரோமக் கையில் வைத்துவிட்டு, போக மனமில்லாமல் நின்றார்.

“கொஞ்சம் பயந்த சுபாவமுங்க. வேலையில தப்புக் கிப்புப் பண்ணினாலும் நாலு பேருக்கு முன்னால வெய்யாதீங்க. நல்ல பையனுங்க.”

பேசக் கூடாது என்பது விதி. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் திருப்தியாகச் சிரித்து, ரோட்டைக் கடந்து, பஸ்ஸுக்காக நின்றார்.

பஸ் வந்து, அவர் ஏறி, அது வளைவில் திரும்பும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வாசலுக்கு வந்த குழந்தைகளெல்லாம் தங்களுக்குத்தான் ஆட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.