நீலமாகாத தொதல்

திருகோணமலைத் துறைமுகத்தை இத்தனை காலமும் காத்து நிற்பது கோட்டை மதில் என்று நம்புவோர் வரலாறு அறியாதவர். அதைக் காத்து நிற்பது கஞ்சி. குறிப்பாக, உணவு மெய்ம்மைக் காப்பகத்தின் தலைமை அலுவலர் திரு. யோகலிங்கம் அவர்களின் வெள்ளைச் சட்டைக்குப் போடப்படும் சோற்றுக் கஞ்சி.

ஞாயிறுதோறும் அவருடைய மனைவி புஷ்பவதி வடித்த கஞ்சியில் சட்டைகளைத் தோய்த்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு வைப்பார். காலையில் யோகலிங்கம் சட்டைக்குள் நுழைவார். சட்டை அவரை அலுவலகத்துக்குக் கொண்டு செல்லும். அதை அணிந்துகொண்டு குனிய இயலாது. ஆகவே அவர் குனிவதில்லை. எவருக்கும் குனியாத அலுவலர் என்று நகரில் அவருக்கு நல்ல பெயர். பேனை கீழே விழுந்தால் புதுப் பேனை கேட்டு விண்ணப்பிப்பார்.

இத்தகைய பெருமகனின் கைபேசிக்கு ஒருநாள் ஒரு காணொளி வந்தது. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் இனிப்பான தொதலின் துண்டு ஒன்றை யாரோ ஒருவரின் விரல் அமுக்கியது. தொதல் அமுங்கி, மறுபடி நிமிர்ந்தது. "பஹ்மியாட கடையில வாங்கி ஒரு கிழமை, ஏழு நாள். இன்னும் இறுகேல்ல. இது ரப்பர்" என்றது குரல்.

பஹ்மியா கிண்ணியாக்காரி, மீன்சந்தைக்கு அருகே தொதல் கிண்டி விற்பவர். வெள்ளிக்கிழமை மூதூரில் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு அவர்தான் தொதல் கொடுக்க வேண்டும். கடை திறந்த பின் வந்த முதல் பெரிய வேலை. தட்டங்கள் நிரம்பி, ஆறி, அடுக்கில் இருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் யோகலிங்கம், உதவி அலுவலர் கௌசிகா பின்தொடர, வாசலில் தோன்றினார்.

அவர் தொதல் மாவில் அயடீன் ஒரு துளி விட்டார். மாவு சிவந்தது.

"அரிசி எண்டால் நீலமாக வேணும்" என்றார் யோகலிங்கம்.

"இது ஒட்டரிசி சேர். தோப்பூரில எங்கட மாமாட வயல்ல வெளைஞ்சது. இதுல கிண்டினா நாள் போனாலும் இறுகாது. அதுக்குத்தானே சனம் தேடி வருகுது."

"இறுகாதது முதற் குற்றம். சிவந்தது இரண்டாம் குற்றம்."

"சேர், அரிசிக்குள்ள ரெண்டு வகை மாப்பொருள் இருக்கு" என்று தொடங்கினார் கௌசிகா. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்து, இன்னும் திருந்தாதவர்.

அவர் சொல்ல வந்தது இதுதான். இலை பகலெல்லாம் வெயிலையும் காற்றையும் நீரையும் கொண்டு சீனி செய்து, அதைக் கோத்து மாப்பொருளாக அடுக்கி வைக்கிறது. இரவில் கரைத்து மற்ற உறுப்புகளுக்கு அனுப்புகிறது. அப்படி வரும் சீனி நெல்மணிக்குள் மீண்டும் மாப்பொருளாகிறது. கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை. ஆயினும் வேலை நடக்கிறது. மணிக்குள் வாழ்பவர் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் நேரான சங்கிலி. சூடு தணிந்தால் உடனே வரிசையில் நின்று விறைத்துக்கொள்வான். சோறு இறுகுவதும் சட்டை விறைப்பதும் பெரும்பாலும் அவனாலேதான். அவனுடைய சுருளுக்குள் அயடீன் புகுந்தால் நீலம் தோன்றும். தம்பி கிளைவிட்ட மரம். கிளைகள் தடுப்பதால் அவனுக்கு வரிசையில் நிற்க வராது. ஆறினாலும் மென்மையாகவே இருப்பான். அயடீன் பட்டால் சிவப்பான். ஒட்டரிசியில் ஏறக்குறைய தம்பி மட்டுமே குடியிருக்கிறான்.

"பிள்ளை, இது நிகழ்ச்சிநிரலில் இருக்கோ?" என்று இடைமறித்தார் யோகலிங்கம்.

"இல்ல சேர்."

"அப்ப இது விஞ்ஞானம் இல்லை. கதை."

தட்டங்கள் உள்ளே இருக்கக் கடைக்கு முத்திரை விழுந்தது. ஒரு தட்டம் மட்டும் 'மாதிரி'யாக எடுத்துச் செல்லப்பட்டது.

மாலையில் காப்பகத்தின் அவசரக் கூட்டம். 'நீலமாவதே அரிசி, உண்ணத்தக்கது. நீலமாகாதது அரிசியன்று, உண்ணத்தகாதது.' இந்தத் தீர்மானத்தை உறுப்பினர் சோமசேகரம் முன்மொழிய, உறுப்பினர் கலீலுர் றஹ்மான் வழிமொழிந்தார். அரிசியின் சார்பில் எவரும் சமுகமளிக்கவில்லை. தேநீரோடு மாதிரியும் பரிமாறப்பட்டது. ஆய்வு முழுமையாக நடந்தது. தட்டத்தில் ஒன்றும் எஞ்சவில்லை.

வியாழக்கிழமை, உண்ணத்தகாதது என்று முடிவான தொதலைப் புதைப்பதற்கு முன்னர், பொதுமக்கள் அறியக் கடைவாசலில் ஒரு செய்முறை விளக்கம். மாவுத் தட்டு தாழ்ந்த வாங்குப் பலகையில் இருந்தது. யோகலிங்கம் குனிந்திருக்கலாம், சட்டை இடம் கொடுக்கவில்லை. நிமிர்ந்தபடியே போத்தலைச் சரித்தார். கடற்காற்று அயடீனைத் தட்டுக்குக் கொண்டு போகாமல் அவருடைய மார்புக்குக் கொண்டு வந்தது.

வெள்ளைச் சட்டை நீலமானது. கருநீலம்.

"சேர், நீலமாச்சு" என்றார் பஹ்மியா.

"எது?"

"உங்கட சட்டை. அரிசிதான். பசிச்சாத் திங்கலாம்."

"கறி ஊத்தவா சேர்?" என்றார் மீன் வாங்க வந்த ஒருவர்.

"தீர்மானத்தின்படி சரி சேர். பதியட்டா?" என்று கேட்டார் கௌசிகா.

சந்தை சிரித்தது. கைபேசிகள் உயர்ந்தன. பஹ்மியா மட்டும் சிரிக்கவில்லை.

"சட்டைய வீட்ட போய்த் தோச்சிருவீங்க சேர். எனக்கு ரப்பர்காரி எண்டு பேர் வெச்சாச்சே, அத எதுல தோய்க்கிற? நாளைக்கு அந்தப் பிள்ளைட கல்யாணத்துக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

யோகலிங்கம் புதைப்பை நிறுத்திவிட்டு, தீர்மானத்தை நீக்கும்படி காப்பகத்தைக் கேட்டார். அடுத்த கூட்டம் வரை பொறுக்க வேண்டும் என்றார்கள் உறுப்பினர்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் தோய்த்து மட்டும் வைத்திருந்த ஒரு பழைய சட்டையைப் போட்டார்.

"கஞ்சி போடாததைப் போட்டுக்கொண்டு எங்க போறியள்?" என்றார் புஷ்பவதி.

"குனிய வேண்டிய வேலை ஒண்டு இருக்கு."

தாம் வைத்த முத்திரையைத் தாமே குனிந்து உடைத்தார். உள்ளே தொதல் இறுகாமல் காத்திருந்தது. முதற் குற்றமே அதைக் காப்பாற்றியிருந்தது. தட்டங்களை மூதூருக்குச் சுமந்து சென்று, கல்யாண வீட்டில் எல்லோருக்கும் முன்னே முதல் துண்டை வாயில் போட்டார். "இது நல்ல அரிசி. பிழை விட்டவன் நான். இதையும் படம் பிடியுங்கோ" என்றார். பஹ்மியா இன்னொரு துண்டை அவர் கையில் வைத்தார்.

தீர்மானம் இன்றுவரை நடைமுறையில் உள்ளது. அதை மீளாய்வு செய்ய மேலும் இரண்டு தட்டம் தொதல் மாதிரி தேவை என்று காப்பகம் பஹ்மியாவுக்கு அறிவித்தது. அந்த மாதிரியை யோகலிங்கமே பொதிசெய்து அனுப்பினார். உறுப்பினர்கள் தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு ஆவலோடு பிரித்தார்கள்.

உள்ளே இருந்தது நீலம் படிந்த வெள்ளைச் சட்டை. அதன்மேல் ஒரு சீட்டு: 'தங்கள் தீர்மானப்படி உண்ணத்தக்கது. வழமைபோல் ஆய்வை முழுமையாக நடத்தவும்.'