அசிட்டோனும் அக்காவின் முகூர்த்தப் புடவையும்

அரைகுறைப் படிப்பு படித்தவனை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் இருப்பவர்களைத்தான் பதம் பார்க்கும். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டில் நான் அந்த நிலையில்தான் இருந்தேன். பட்டு நெய்கிற பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால் என்னைத் தட்டிக் கேட்கவும் ஒருவர் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். சரோஜா அக்காவுக்குக் கல்யாணம். அப்பா தறியில் உட்கார, அம்மாவும் அக்காவும் பட்டு இழை சுற்றிக் கொடுத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. மாப்பிள்ளையின் அம்மா திருமுக்கூடல் பக்கம் கழனி வேலை செய்து, ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு முறை. உங்கள் ஊர்ப் பட்டேதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் அவர் பையைப் பிரித்தார். அரக்கு நிறப் புடவை. பஸ்ஸில் யார் கூடையிலிருந்தோ கசிந்த எண்ணெய் அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஊறியிருந்தது. அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அபசகுனம் என்று யாராவது வாய் திறந்துவிடுவார்களோ என்று என் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த ஒரு கறைக்காகத்தான் கடவுள் என்னை வேதியியலில் சேர்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆய்வுக்கூட உதவியாளரைக் கெஞ்சி வாங்கிய அசிட்டோன் ஒரு பழுப்பு பாட்டிலில் என் பெட்டிக்குள் இருந்தது. (எதற்கு வாங்கினேன் என்று கேட்காதீர்கள். பாட்டில் வைத்திருப்பதே படிப்பாளிக்கு அழகு என்று நினைத்த வயது.)

பாதுகாப்பு விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அசிட்டோன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைப் பற்றிக்கொள்ளும் என்று சொல்லி, கொல்லையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் தண்ணீர் ஊற்ற வைத்தேன். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். குத்துவிளக்கை அணைத்தேன் (ஆமாம், கல்யாண வீட்டில்). பீடியும் கையுமாக இருந்த பெரியப்பாவைத் தெருமுனை வரை விரட்டினேன். ஜன்னல்களைத் திறந்தேன். ஆவியை முகரக் கூடாது, கையில் படக் கூடாது, பாட்டிலை உடனே மூட வேண்டும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அக்கா மட்டும் புடவையின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, கறை இருந்தால் இருக்கட்டும், விட்டுவிடு என்றாள். அம்மாவும் அதையே சொன்னார். படிக்காதவர்களின் பயம் என்று நான் தள்ளிவிட்டேன்.

இத்தனை விதி சொன்னவன் ஒரே ஒரு விதியை மறந்தேன். எந்தக் கரைப்பானையும் முதலில் துணியின் மறைவான மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். நான் பஞ்சை நனைத்து நேரே கறையின் நடுவில் வைத்துத் தேய்த்தேன்.

கறை போயிற்று. கறையோடு புடவையும் போயிற்று. துணி பிசினாக இளகிப் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டை வழியாக என் கால் விரல்கள் தெரிந்தன.

அசிட்டோன் பட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் பட்டு மாதிரியே மினுக்கும் ஒருவகைச் செயற்கை இழை உண்டு. அதை வெந்நீரில் போட்ட வெல்லம் போலக் கரைத்துவிடும். அது பட்டே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா, அம்மா, அக்கா மூவர் முகத்திலும் வியப்பே இல்லை. தொட்ட நொடியிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

வாசலில் தெருவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டு நெய்கிற ஊருக்குப் போலிப் பட்டு கொண்டுவந்தவள் என்று ஒரு வார்த்தை வெளியே போனால், அந்த அம்மாள் அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்க மாட்டார். கல்யாணமும் நடக்காது. நானோ, கண்டுபிடித்ததை அறிவிக்க வாயைத் திறந்துவிட்டேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"அத்தே, தப்பு எங்க மேலதான். இவன் கொணாந்த மருந்து அசல் பட்டையே துன்னுடுமாம். காலேஜில படிச்சிக்கினு இருக்கான், இதுகூடத் தெரியல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னாடா, அப்டித்தானே?"

"ஆமாம்" என்றேன். பரீட்சையில்கூட அவ்வளவு தப்பான பதிலை நான் எழுதியதில்லை.

அந்த அம்மாள் தெரிந்து வாங்கினாரா, கடைக்காரரிடம் ஏமாந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கிட்டே வந்து, "பரவால்ல தம்பி, நல்லது பண்ணத்தான பாத்த" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை, ஓட்டையைக் கொசுவத்தின் உள்மடிப்பில் ஒளித்து, அதே புடவையைக் கட்டிக்கொண்டு அக்கா மணையில் உட்கார்ந்தாள். புடவையைத் தொட்டுப் பார்க்க வந்தவர்களை எல்லாம் அப்பா பாதியிலேயே மடக்கி, என் கூத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தே திருப்பி அனுப்பினார்.

அன்றிலிருந்து சொந்தத்தில் எனக்குப் பெயர் 'பட்டைக் கரைச்ச படிப்பாளி'. எந்த விசேஷத்திலும், நான் தண்ணீர் பாட்டிலைத் தொட்டால்கூட, பட்டுப்புடவை கட்டியவர்கள் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். இதற்கு நடுவே முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் வாத்தியாராகவும் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அக்காவின் மாமியார் போய்ச் சேர்ந்தும் வெகுகாலம் ஆயிற்று.

போன பொங்கலுக்குக் கதை மறுபடி ஓடியது. அக்காவின் பேத்தி எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். "தாத்தா, அசிட்டோன் பட்டை ஒண்ணும் பண்ணாதே?" என்றாள். சிரிப்பு நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"அது இப்ப வர்ற அசிட்டோன்மா" என்றேன். "அந்தக் காலத்துது கரைக்கும்."